நித்யாவை அழைத்துவரப் போன கோடை

கேரளத்துக்குள் வந்துவிட்டோம் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் கயல்தான். ரயில் பெட்டிக்குள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கூவியபடி வந்தார். "அப்பா, இவரு டீ விக்கல. சாயா விக்கிறாரு" என்றாள். அவளுக்கு ஐந்து வயது. ஜன்னலோரம் அவளுக்கு, பக்கத்தில் பாதி இடம் அவளுடைய துணி யானைக்கு, மிச்சம் எனக்கு.

நாங்கள் போனது என் மனைவியை வீட்டுக்கு அழைத்துவர. நித்யா சைக்கிள் ஓட்டுகிறவள். பொள்ளாச்சியில் நான் புவியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் இப்படிச் சொன்னால், "வேலைக்கு எவ்வளவு தூரம் சார் மிதிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். மிதிப்பதுதான் அவள் வேலை. பந்தயங்களுக்குப் போகும் ஓர் அணியில் சம்பளத்துக்கு இருக்கிறாள். அணியின் முகாம் கொச்சியில். அவள் பிறந்து வளர்ந்த வீடும் அங்கேதான், மட்டாஞ்சேரியில். ஆண்டின் பெரும்பகுதி அண்ணன் வீட்டில் தங்கிப் பயிற்சி செய்வாள், பந்தயம் வந்தால் வடக்கே எங்காவது போவாள். நானும் கயலும் பொள்ளாச்சியில்.

பங்குனி முடியும் நேரத்தில், வல்லார்பாடத்துக்குப் போகும் கன்டெய்னர் ரோட்டில் விடிகாலைப் பயிற்சியின்போது விழுந்துவிட்டாள். முன்னால் போனவள் திடீரென்று பிரேக் பிடிக்க, இவள் விலகி, தோள் அடிபட விழுந்திருக்கிறாள். காறை எலும்பு முறிந்தது. பள்ளியில் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நாங்கள் கிளம்பினோம். எலும்பு தானாகக் கூடட்டும், அதுவரை வீட்டில் இருக்கட்டும், பிறகு இதெல்லாம் எதற்கு என்று மெதுவாகப் பேசலாம். இதுதான் என் எண்ணம். கயலிடம் அவ்வளவு விவரம் சொல்லவில்லை. "அம்மாவைக் கூட்டிட்டு வரப்போறோம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எர்ணாகுளத்தில் படகு ஏறியபோது வானம் தெளிவாக இருந்தது. பாதி தூரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே துணியை எடுத்து உள்ளே வைக்கலாம். இங்கே அது கடலிலிருந்து ஓடி வந்து முகத்தில் அறைந்தது. காற்று அடங்கும்வரை படகை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல், தெருவே எழுந்து நிற்பதுபோல் நின்றது. கயல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மீன் விற்று முடித்து வெறும் பாத்திரத்தோடு வந்திருந்த ஒரு பெண்மணி தன் பையிலிருந்து ஒரு பழம்பொரியை, அதாவது வாழைப்பழ பஜ்ஜியை, எடுத்து அவளிடம் நீட்டினார். "பேடிக்கண்டா மோளே, இப்ப மாறும்" என்றார். பயப்படாதே, இப்போது நின்றுவிடும் என்று அர்த்தம். கயலுக்குப் புரிந்ததோ இல்லையோ, பழம்பொரி புரிந்தது. யானையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இறங்கி நடந்தபோது தெருவெல்லாம் ஈரச் சாக்கு வாசனையும் சுக்கு வாசனையும். நித்யாவின் அண்ணன் முருகேசன் குடையோடு எதிரே வந்தார். "அளியா, நனஞ்சுட்டீங்களா? கயறி வாங்க, கயறி வாங்க." மைத்துனனை அளியன் என்றும், உள்ளே வருவதைக் கயறுவது என்றும் சொல்வது அந்த ஊர் வழக்கம். மூன்று தலைமுறைக்கு முன் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறார். அவர் பேசுவது தமிழ்தான், ஆனால் அது மலையாளத்தில் குளித்துவிட்டு வந்த தமிழ்.

நித்யா கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. கன்னத்தில் தோல் உரிந்த இடம் கறுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, நல்ல கையை நீட்டி, "கயலு" என்றாள். கயல் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் தள்ளிப் பார்த்தேன். அவள் நகரவில்லை. முருகேசனின் மனைவி லதா பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து தந்தாள். அதன் ரோஜா நிறத்தைப் பார்த்ததும் கயல், லதாவோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து என் போனைக் கேட்டாள். பாட்டு பார்க்கத்தான் என்று கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் நித்யாவின் போன் அடித்தது. திரையில் கயலின் முகம்; பின்னால் லதாவின் சமையலறை அலமாரி. "அம்மா! நாங்க போட்ல வந்தோம். மழை வந்துச்சு. ஒரு ஆன்ட்டி பழம்பொரி குடுத்தாங்க." நித்யா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "அப்படியா? யானை நனைஞ்சுதா?" என்று கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குழந்தையின் குரல் நேராகவும் கேட்டது, போன் வழியாக ஒரு நொடி தாமதமாகவும் கேட்டது. அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். லதா கதவருகே வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான் அங்கே உட்கார முடியாமல் வெளியே போய் மழை வடிந்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மருத்துவமனை. காலையில் புட்டும் கடலையும். கயல் புட்டை மணல் என்று சொல்லி யானைக்கு ஊட்டினாள். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு வழி சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கலாம், பல வாரம் ஆகும். இல்லையென்றால் அறுத்து ஒரு தகடு வைத்துத் திருகலாம், சீக்கிரம் சைக்கிளில் உட்காரலாம், ஆனால் வலியும் செலவும் ஆபத்தும் உண்டு. இதையெல்லாம் அவர் என்னைப் பார்த்தே சொன்னார். முடிவில், "ஹஸ்பண்ட் எந்து பறயுன்னு?" என்று கேட்டார். கணவர் என்ன சொல்கிறார்?

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஊரிலிருந்தே கொண்டுவந்த பதில். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா மலையாளத்தில் சொன்னாள்: "டாக்டர், ஒடிந்தது என் எலும்பு. தகடு வையுங்கள். மே மாதக் கடைசியில் எனக்குத் தேர்வு இருக்கிறது." மருத்துவர் சிரிக்காமல் தலையசைத்து எழுதத் தொடங்கினார். வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர்தான் ஓயாமல் பேசினார். வைட்டிலா சந்திப்பு நெரிசலில் நாங்கள் நின்ற நேரத்தில் ஒரு ஆள் கல்யாணம் பண்ணிக் குழந்தையும் பெற்றுவிடலாம் என்றார்.

தேர்வு என்று அவள் சொன்னதன் விவரத்தை அன்று சாயங்காலம்தான் கேட்டேன். அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது என்று அணி முடிவுசெய்யும் போட்டி அது. ஓட்டாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. வெளியே போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

நாங்கள் படகுத்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து சுலைமானி வாங்கினோம். பால் இல்லாத, எலுமிச்சை பிழிந்த தேநீர். வெயில் ஊருக்கு இது நல்ல கண்டுபிடிப்பு. பொள்ளாச்சியில் இதைக் கொடுத்தால் பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். முருகேசனும் கூட வந்திருந்தார்; கயல் லதாவோடு வீட்டில் இருந்தாள். அவர் நித்யா இருக்கும்போதே என்னிடம் சொன்னார்.

"அளியா, நீங்க பறஞ்சா அவ கேப்பா. இனி மதி. குழந்தை அம்மயக் கண்டு ஒளியுது. இதுல எந்த ஜெயிப்பு?"

மதி என்றால் போதும். நித்யா கிளாஸைக் கீழே வைத்தாள். "அண்ணா, நீங்க லாரி எடுக்கப் போறப்போ உங்க பிள்ளைங்க தூங்குது. வர்றப்போ ஸ்கூல்ல இருக்கு. உங்களை யாராச்சும் இனி மதின்னு பறஞ்சாங்களா?"

"அது ஜோலி."

"இதும் ஜோலிதான்."

அவர் வருத்தத்தோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சாயாக் கடைக்காரரிடம் ஏதோ கேட்கப்போகிறவர்போல் எழுந்து போனார். நான் மெல்லச் சொன்னேன். "வீட்டுக்குப் போகலாம் நித்யா. கயல் உன்னைப் பார்த்து ஒளிஞ்சா. அதுக்கு ஒரு பதில் வேணும்ல?"

"நான் பார்க்கலையா? அந்த நேரம் இந்தக் கை வலி எனக்குத் தெரியவே இல்லைங்க." அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா இப்ப நான் விட்டுட்டு வந்தா, அவளாலதான் விட்டேன்னு எனக்கு உள்ள கெடக்கும். என்னைக்காவது கோபத்துல அவகிட்டயே சொல்லிடுவேன். அது வேண்டா."

நான் மூன்று கிளாஸுக்கும் காசு கொடுத்தேன். ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது அவள் முதலில் கேட்டது கயல் சாப்பிட்டாளா என்று. இரண்டாவது கேட்டது எப்போது மிதிக்கலாம் என்று. எனக்கு விடுமுறை இருந்ததால் நாங்கள் ஊர் திரும்பவில்லை. லதா வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு அறை. அதில் அவர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். மட்டை அரிசிச் சோறும் மத்திக் குழம்பும் கப்பைக் கிழங்குமாக நாட்கள் போயின. கயல் சிவப்புச் சோற்றை முதலில் தொடவே இல்லை. பிறகு மத்தி முள்ளை லதாவைவிட வேகமாக எடுக்கக் கற்றுக்கொண்டாள். அவளுடைய பேச்சும் மாறியது. ஒருநாள் என்னிடம், "அப்பா, எனக்கு வெள்ளம் வேணும்" என்றாள். எந்தப் பெரிய ஆற்றில் என்று நான் விழித்தேன். தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

தையல் ஆறியதும் அணியின் கோச் வந்தார். எல்லோரும் ஜெஸ்ஸி டீச்சர் என்று அழைக்கும் பெண். ஓர் இரும்புத் தாங்கியைக் கொண்டுவந்து வாசலோரம் வைத்து, அதில் நித்யாவின் சைக்கிளின் பின்பக்கத்தைப் பூட்டிவிட்டுப் போனார். மிதித்தால் சக்கரம் சுற்றும், சைக்கிள் நகராது. நித்யா தொட்டில் கையோடு அதில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுக்கு மூட்டை ஏற்றிவந்த ஒருவர், "எங்கோட்டா சேச்சி?" என்று கேட்டார். எங்கே போகிறீர்கள் அக்கா? அவள் மூச்சிரைக்கச் சிரித்தாள்.

கயல் முதல் நாள் உள்ளேயிருந்து பார்த்தாள். அடுத்த நாள் வாசற்படிக்கு வந்தாள். மூன்றாவது தடவை தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அம்மா வாயைத் திறந்தால் புட்டியை நீட்டுவாள். பாதி வாயில் விழும், பாதி கழுத்தில் விழும். அப்படி ஒரு காலை, சைக்கிளின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தபடி சொன்னாள்:

"இது நல்ல சைக்கிள்மா. எங்கயும் போகாது."

நித்யாவின் கால்கள் தடுமாறின. சக்கரத்தின் சத்தம் இறங்கிப்போனது. நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள், முன்னைவிட வேகமாக. நேரம் முடிந்து இறங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்து கயலை மடியில் இழுத்துக்கொண்டாள். கயல், "அய்யே, நனையுது" என்றாளே தவிர எழுந்து ஓடவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேச்சுக்கு நானும் தேவைப்படவில்லை, போனும் தேவைப்படவில்லை.

தேர்வு வருவதற்குள் நித்யாவின் கைத் தொட்டிலைக் கழற்றிவிட்டார்கள். அன்று முருகேசன் லீவு போட்டுவிட்டு எங்களை ஆட்டோவில் வல்லார்பாடம் கூட்டிப்போனார். தங்கை ஓட்டுவதை அவரும் பார்த்ததில்லையாம். இருபுறமும் காயல். சாலையோரம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். காற்று ஏலூர்ப் பக்கமிருந்து திரும்பினால் தொழிற்சாலை நெடி லேசாக வந்தது. ஒரு லாரியின் நிழலில் நின்றோம். டிரைவர் விருதுநகர்க்காரர். எங்கள் தமிழைக் கேட்டதும் ஸ்டவ்வை மூட்டிவிட்டார். "எங்க வீட்டுல சின்னவனுக்கு நான் யாருன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் குடுக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றினார். அவர் குரலில் குறையொன்றும் இல்லை. அதை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

ஒவ்வொருவராகத் தனியே ஓட்ட வேண்டிய போட்டி. நாங்கள் வெகுநேரம் நின்றோம். பிறகு தூரத்தில் ஒரு புள்ளி, பிறகு ஒரு மஞ்சள் சட்டை, பிறகு 'விஷ்' என்று ஒரு காற்று. நித்யா போய்விட்டாள். கத்துவதற்காகத் திறந்த வாயைக் கயல் மூடவே இல்லை.

"அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

"அவ்ளோதான்."

"அம்மாவுக்குக் கஷ்டமா இருந்துச்சு அப்பா. மூஞ்சி அழற மாதிரி இருந்துச்சு."

எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

முடியும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நித்யா சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முருகேசன் ஓடிப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். "மதி மோளே, மதி" என்றார். இந்த முறை அந்தச் சொல்லில் வேறு அர்த்தம் இருந்தது. ஜெஸ்ஸி டீச்சர் மற்றவர்கள் ஓட்டி முடிக்கும்வரை கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு வந்து, "ஒரு வருஷம் கூட" என்று மட்டும் சொல்லிவிட்டு நித்யாவின் தலையில் கை வைத்தார். இன்னும் ஒரு வருஷம் என்று அர்த்தம். தேர்ந்தெடுத்தவர்களில் கடைசிப் பெயர் அவளுடையது.

அன்று மட்டாஞ்சேரியில் லதா பிரியாணி செய்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். நானும் இருந்தேன். ஆனால் ஜூன் வந்துகொண்டிருந்தது. கயலைப் பொள்ளாச்சியில் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். நானும் அவளும் திரும்பிப் போக வேண்டும். மறுபடி அதே ஒரு வருஷம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் வைத்து நித்யா கேட்டாள். "ஒண்ணு கேட்பேன். கோபப்படக் கூடாது. கயலை இங்க விட்டுட்டுப் போங்க."

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில பயிற்சி முடிச்சு அவ ஸ்கூல் போகுறதுக்கு முன்ன வந்துடுவேன். பந்தயத்துக்குப் போறப்போ மட்டும் அண்ணி பாத்துக்குவாங்க. ரெண்டையும் என்னால சுமக்க முடியுமான்னு எனக்கே தெரியல. ஒரு தடவை செஞ்சு பாக்கணும்."

லதா உள்ளேயிருந்து, "ஞான் உண்டல்லோ சேட்டா" என்றாள். நான் இருக்கிறேனே. என்னை அவள் அண்ணனாக்கி அழைத்தது அதுதான் முதல் முறை.

எனக்கு வந்த முதல் கேள்வி அசட்டுத்தனமானது. "அவ தமிழ் எழுத்து?" என்றேன். நித்யாவே தமிழைவிட மலையாளம் நன்றாக எழுதுவாள். அவளுக்கு நான் எழுதிய கல்யாணத்துக்கு முந்தைய கடிதங்களை எழுத்துக் கூட்டித்தான் படித்ததாகச் சொல்லியிருக்கிறாள். "சனி ஞாயிறு நீங்க வந்து சொல்லிக்குடுங்க" என்றாள். நான் கேட்க நினைத்தது தமிழைப் பற்றியே அல்ல. பொள்ளாச்சி வீட்டில் காலையில் எழுந்து யாருக்குத் தலைபின்னுவேன், மாலையில் யார் வருவதைப் பார்த்துக் கேட்டைத் திறப்பேன் என்பதுதான். அதை அவளிடம் கேட்க முடியவில்லை. இத்தனை வருஷம் இதையே அவளும் என்னிடம் கேட்காமல் இருந்திருப்பாள் என்று தோன்றியதும் குழாயை மூடினேன்.

கயலிடமே கேட்டோம். அவள் நன்றாக யோசித்தாள். "அப்பா தனியா தூங்குவாரா?" என்று கேட்டாள். தூங்குவேன் என்றேன். "யானையை எடுத்துட்டுப் போறியா?" என்றாள். அவளுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். முதல் பருவமழை தொடங்கியிருந்தது. முருகேசன் பை நிறைய நேந்திரம் சிப்ஸ் வாங்கித் திணித்தார். லதா மீன் ஊறுகாய் தந்தாள். படகுத்துறைவரை நித்யாவும் கயலும் ஒரே குடையில் வந்தார்கள். தகடு வைத்த தோளில் கயலின் புதுப் பள்ளிப்பை தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதை வீட்டில் வைத்துவிட்டு வெளியே வரக் கயல் சம்மதிக்கவில்லை. நித்யா என் கையைப் பிடித்து, "வெள்ளிக்கிழமை" என்றாள். "வெள்ளிக்கிழமை" என்றேன்.

படகு நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கயல் கையை ஆட்டினாள். பிறகு மழை கொஞ்சம் வலுத்தது. நித்யா குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாள். கயல் அதற்குப் பெரிதாக ஏதோ பதில் சொல்ல ஆரம்பித்தாள், கையை விரித்து, தலையை ஆட்டி. படகு துறையைவிட்டு அதிக தூரம் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் திரும்பி நடந்தார்கள். கயல் பேசிக்கொண்டே போனாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.